வாயிலுக்கு வெளியே பிறந்த பாடம்

ஆங்கில இலக்கிய வரலாற்றைப் பாடமாகப் பயில்வோர், சாசரில் தொடங்கி ஷேக்ஸ்பியர், மில்டன், வேர்ட்ஸ்வொர்த் என்று நூற்றாண்டு நூற்றாண்டாக இறங்கி வருவர். ஹட்சனின் சுருக்க வரலாற்றைக் கையில் வைத்துக்கொண்டு நாமும் அவ்வாறே பயின்றோம். ஆனால் இப்பாடம் எப்போது, யாருக்காகப் பாடமாயிற்று என்பதை அத்தகைய நூல்கள் சொல்வது அரிது. அதுவும் ஒரு வரலாறுதானே!

ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் நெடுங்காலம் இலத்தீனையும் கிரேக்கத்தையுமே உயர்கல்வி எனக் கருதின. தாய்மொழி நூல்களை ஓய்வில் படித்துக்கொள்ளலாம் என்பது அவற்றின் எண்ணம். அங்கே வேறொரு தடையும் இருந்தது. ஆங்கிலிக்கன் சபையின் 39 விசுவாசப் பிரிவுகளை ஏற்றுக் கையெழுத்திட்டாலன்றி ஆக்ஸ்போர்டில் சேரவே இயலாது. கேம்பிரிட்ஜில் பயிலலாம், பட்டம் பெற இயலாது. கத்தோலிக்கரும் யூதரும் ஏனைய சபையினரும் வாயிலுக்கு வெளியே நின்றனர். 1850-களில் சற்றே தளர்ந்த இத்தடை, 1871-ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே பெரும்பாலும் நீங்கியது.

இப்படி வெளியே நின்றவர்களுக்கும் இடமளிக்க இலண்டனில் ஒரு கல்லூரி எழுந்தது. சமய உறுதிமொழி எதுவும் கேளாமல் 1828-ல் அது கதவைத் திறந்தபோது, ஆங்கில மொழிக்கும் இலக்கியத்துக்கும் பேராசிரியர் ஒருவர் அமர்த்தப்பட்டார். இங்கிலாந்தில் அதுவே முதன்முறை. (ஸ்காட்லாந்தின் எடின்பரோ இவ்வகையில் முந்தியது; அங்கே 1762-லேயே இலக்கியத்துக்கென அரச பேராசிரியர் பதவி உண்டு.)

நம் நாட்டிற்கு இப்பாடம் வந்த வழி வேறு. 1835-ல் மெக்காலேயின் குறிப்பும் அதையொட்டிய அரசாணையும் ஆங்கிலக் கல்விக்கு வழிவிட்டன. 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. சமயத்தைப் போதிக்க அஞ்சிய ஆட்சி, அதன் இடத்தில் இலக்கியத்தை வைத்தது என்று கௌரி விசுவநாதன் 1989-ல் வெளியான தம் நூலில் வாதிடுகிறார். சிந்திக்கத்தக்க கருத்து.

ஆக்ஸ்போர்டில் ஆங்கிலத்துக்கெனத் தனிப் பட்டப்படிப்பு வந்தது 1894-ல்தான். சுவையைத் தேர்வு வைத்து அளக்க இயலாது என்று வரலாற்றுப் பேராசிரியர் ஃப்ரீமன் அதற்கு முன்னர் எதிர்த்திருந்தார். வேர்ட்ஸ்வொர்த்தின் இயற்கை ஈடுபாட்டைக் குறிப்புநூலிலிருந்து மனனம் செய்து எழுதிய எவரும் அவரை முற்றிலும் பழிக்கமாட்டார்.

வெளியே நின்ற கத்தோலிக்கருக்கோ இன்னொரு கேள்வி இருந்தது. நம் விசுவாசத்தைப் பகைத்த காலத்தில் வளர்ந்த இலக்கியத்தை நம் பிள்ளைகள் படிக்கலாமா? 1854-ல் டப்ளின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரான நியூமன் - 2019-ல் புனிதராக உயர்த்தப்பட்டவர் - இதை நேர்நின்று எதிர்கொண்டார். ஆங்கில இலக்கியம் சீர்திருத்த சபையின் சாயலிலேயே உருவாகிவிட்டது, இனி அதை அழித்தெழுத இயலாது என்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். ஆயினும் அதை விலக்கச் சொல்லவில்லை. பாவியான மனிதனிடமிருந்து பாவமறியாத இலக்கியத்தை எதிர்பார்ப்பது முரண் என்றார். வகுப்பறையில் மறைத்தால் மட்டும் என்ன? கல்லூரியை விட்டு வெளியேறிய மறுநாளே, வழிகாட்ட எவருமின்றி இளைஞன் அதையே சந்திப்பான். உலகமே அவனுக்குப் பல்கலைக்கழகமாகிவிடும். பிள்ளைகள் எதைப் படிக்கிறார்களோ என்று கவலையுறும் பெற்றோர் பலர் நம்மிடம் வருவதுண்டு. அவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்வது இவ்வாதத்தையே.

உருவாகி முடிந்தது என நியூமன் எண்ணிய அந்த இலக்கியத்தில் பின்னர் நேர்ந்த ஒன்றையும் குறிப்பிட வேண்டும். 1866-ல் ஆக்ஸ்போர்டு மாணவர் ஒருவரை அவரே திருச்சபையில் சேர்த்துக்கொண்டார். அவர் பெயர் ஜெரார்டு மேன்லி ஹாப்கின்ஸ். இயேசு சபைக் குருவாகி, நியூமன் தொடங்கிய கல்லூரியின் வழித்தோன்றலில் கிரேக்கம் கற்பித்து, 1889-ல் டப்ளினிலேயே இறந்தார். கவிஞர் என அவரை அறிந்தவர் அன்று மிகச் சிலரே. நண்பர் ராபர்ட் பிரிட்ஜஸ் 1918-ல் அவருடைய கவிதைகளைத் தொகுத்து வெளியிட்டார். இன்று ஆங்கில இலக்கிய வரலாற்று நூல்கள் அவருக்கும் பக்கங்களை ஒதுக்குகின்றன.