சிவமணி (டிரம்ஸ் கலைஞர்)

சிவமணி (பிறப்பு: 1959 டிசம்பர் 1, சென்னை) தாளவாத்தியக் கலைஞர், திரை இசையமைப்பாளர். ‘டிரம்ஸ் சிவமணி’ என்றால்தான் பலருக்கு அடையாளம் தெரியும். தந்தை எஸ். எம். ஆனந்தனும் தாளக் கலைஞரே. ஏழு வயதில் வாசிக்கத் தொடங்கிய சிவமணி, டிரம்ஸ் கலைஞர்களான நோயல் கிராண்ட், பில்லி காபம் ஆகியோரைத் தம் முன்னோடிகளாகக் கொண்டவர்.

சென்னையில் ‘ரூட்ஸ்’ என்ற இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்தார். அக்குழுவில் கீபோர்டு வாசித்தவர், அப்போது திலீப் என்று அறியப்பட்ட ஏ. ஆர். ரகுமான். பின்னாளில் ரகுமானின் ஒலிப்பதிவுகளிலும் உலக மேடைகளிலும் சிவமணியின் தாளம் தொடர்ந்து ஒலித்தது. வயலின் கலைஞர் குன்னக்குடி வைத்தியநாதனுடனும் வாசித்திருக்கிறார். 1990இல் மும்பை ரங் பவனில் தாளவாத்தியக் கலைஞர்கள் ஜாகிர் உசேன், திரிலோக் குர்து ஆகியோருடன் வாசித்தது அவர் பெயரைத் தமிழ்நாட்டுக்கு வெளியே கொண்டுசென்றது.

ராக் டிரம்மர் பொதுவாகப் பாட்டின் தாளத்தை விலகாமல் பிடித்து நிறுத்துபவர். பாடகருக்கும் கிதார்காரருக்கும் பின்னால் அமர்பவர். சிவமணியோ மேடையின் முன்பகுதிக்கே வந்துவிட்டார். டிரம்ஸ் செட்டுடன் உடுக்கை, கடம், கஞ்சிரா எல்லாம் அவரைச் சுற்றி இருக்கும். அவை போதாதென்று சூட்கேசையும் தண்ணீர்க் கேனையும்கூட வாசிப்பார். வேடிக்கை கூடிவிடுகிறது என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் அந்த வேடிக்கைக்குள்ளும் தாளக் கணக்கு பிசகுவதில்லை.

2008இல் தொடங்கிய ஐ.பி.எல். கிரிக்கெட் போட்டிகளில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்காக மைதானத்தில் வாசித்தார். ‘அரிமா நம்பி’ (2014), ‘கணிதன்’ (2016) ஆகிய படங்களுக்கு இசையமைத்தார். தமிழக அரசின் கலைமாமணி விருதும், 2019இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.