பொதுக் கணினியில் கோப்புகளைக் காத்தலும் பகிர்தலும்

சூப்பர் கம்ப்யூட்டர் எனப்படும் மீத்திறன் கணினியில் பணிபுரியும் ஆய்வாளருக்குப் பொதுவாக மூன்று இடங்கள் ஒதுக்கப்படுகின்றன: அவருக்கே உரிய வீட்டு அடைவு, குழுவினர் சேர்ந்து பயன்படுத்தும் திட்ட அடைவு, கணக்கீட்டின்போது மட்டும் பயன்படும் தற்காலிக இடம். முதலாவதில் அளவு வரம்பு இறுக்கமானது. மூன்றாவதில் இடம் தாராளம். ஆனால் சில வாரங்கள் தொடப்படாத கோப்புகளைப் பல மையங்கள் தாமாகவே நீக்கிவிடும். யார் எந்தக் கோப்பைப் படிக்கலாம், யார் மாற்றலாம் என்பதற்கும் விதிகள் உண்டு. இந்த விதிகளின் வேர்கள் 1960களில் இருக்கின்றன.

அதற்கு முன் ஒருவரது நிரலும் தரவும் பெரும்பாலும் அவர் கையிலேயே இருந்தன. துளையட்டைக் கட்டையோ காந்த நாடாவையோ இயக்குநரிடம் கொடுத்துவிட்டு, விடை அச்சாகி வரும்வரை காத்திருக்க வேண்டும். அட்டைக் கட்டு பெட்டியில் பத்திரமாக இருந்தால் கோப்பும் பத்திரம்.

1961 நவம்பரில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் பெர்னாண்டோ கோர்பாட்டோ குழுவினர் சி.டி.எஸ்.எஸ். என்ற நேரப்பகிர்வு முறைமையை இயக்கிக் காட்டினர். ஒரே கணினியைப் பல முனையங்களிலிருந்து பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்த முடிந்தது. பின்னர் வட்டு நினைவகமும் இணைந்தபோது ஒருவர் எழுதிய நிரல் கணினியிலேயே தங்கியது. பக்கத்திலேயே மற்றவர்களுடையவையும் தங்கின. அவரவர் கோப்புகளைப் பிரித்து வைக்க ஒவ்வொரு பயனருக்கும் ஒரு கடவுச்சொல் தரப்பட்டது. பூட்டு போட்ட கையோடு அதைத் திறக்கவும் ஆள் வந்துவிட்டார். வாரத்துக்கு 4 மணி நேரம் மட்டுமே ஒதுக்கப்பட்டிருந்த ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், 1962இல் கடவுச்சொல் கோப்பை அச்சிடுமாறு ஒரு துளையட்டையில் கோரிக்கை வைத்தார். கணினியும் அச்சிட்டுத் தந்தது. பிறர் கணக்குகளில் நுழைந்து நேரத்தைப் பெற்றதை அவரே பல பத்தாண்டுகள் கழித்து வெளிப்படையாகச் சொன்னார்.

பூட்டு மட்டும் போதவில்லை. ஒரே ஆய்வில் இருப்பவர்கள் ஒருவர் எழுதியதை மற்றவர் பயன்படுத்த வேண்டியிருந்தது. முதலில் ஒரே திட்ட எண் கொண்டவர்களுக்குப் பொது அடைவுகள் வைக்கப்பட்டன. 1965இல் வந்த புதிய கோப்பு முறைமை இதை ஒழுங்குபடுத்தியது. உரிமையாளர் ஒரு கட்டளையால் அனுமதி வழங்குவார். மற்றவர் இன்னொரு கட்டளையால் தம் அடைவிலிருந்து அக்கோப்புக்கு ஓர் இணைப்பு போட்டுக்கொள்வார். படியெடுக்கத் தேவையில்லை. வட்டில் இடம் அரிதாக இருந்த காலத்தில் இது பெரிய சேமிப்பு. இன்றும் திட்ட அடைவில் ஒரே தரவுத் தொகுப்பை வைத்துப் பலர் இணைப்பு வழியே படிப்பது அதே முறைதான்.

1960களில் இந்த முறைமையிலேயே நடந்த ஒரு தவறு கணினிப் பாதுகாப்பு வரலாற்றில் அடிக்கடி எடுத்துச் சொல்லப்படுவது. ஒருநாள் உள்நுழைந்தவர்கள் அனைவரின் முனையத்திலும், அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் அச்சாகத் தொடங்கின. யாரும் திருடவில்லை. கோப்பைத் திருத்தும் நிரல், ஓர் அடைவை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பயன்படுத்துவார் என்று எண்ணி எழுதப்பட்டிருந்தது. ஆகவே அதன் தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயர். நிர்வாகிகளோ தமக்குள் ஓர் அடைவைப் பகிர்ந்திருந்தனர். ஒருவர் அறிவிப்பையும் இன்னொருவர் கடவுச்சொல் கோப்பையும் ஒரே சமயத்தில் திருத்த, இரண்டும் இடம் மாறின. ராபர்ட் மாரிசும் கென் தாம்ப்சனும் கடவுச்சொல் பாதுகாப்பு பற்றி 1979இல் எழுதிய கட்டுரையில் இந்நிகழ்வைக் குறிப்பிடுகின்றனர். யூனிக்ஸில் கடவுச்சொல்லை அப்படியே வைக்காமல், மறையாக்கம் செய்து வைக்கும் முறையை விளக்கும் கட்டுரை அது.

பகிர்வு விதிகளுக்கு இன்றைய வடிவம் தந்ததும் யூனிக்ஸ்தான். டென்னிஸ் ரிச்சியும் தாம்ப்சனும் 1974இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு கோப்புக்கு 7 பாதுகாப்பு பிட்டுகள். படித்தல், எழுதுதல், இயக்குதல் ஆகிய மூன்றும் உரிமையாளருக்குத் தனியாக, மற்ற எல்லோருக்கும் தனியாக, ஆக 6. எஞ்சிய ஒன்று, நிரலை அதன் உரிமையாளரின் அதிகாரத்தில் இயக்குவதற்கு. 1978இல் அக்கட்டுரை திருத்தி வெளியானபோது எண்ணிக்கை 10 ஆகியிருந்தது. 'நான்', 'ஊர்' என்ற இரண்டுக்கும் நடுவே 'குழு' என்ற மூன்றாவது பிரிவு சேர்ந்திருந்தது. சிறிய மாற்றமாகத் தோன்றினாலும் ஆய்வுக் கணினிகளுக்கு இதுவே உயிர்நாடி. இது புரியாமல், நண்பரால் கோப்பைத் திறக்க முடியவில்லை என்பதற்காக ஊருக்கே எழுதும் உரிமை கொடுத்துவிடும் மாணவர்கள் இன்றும் உண்டு. குழு அடைவில் உருவாகும் புதிய கோப்பு அக்குழுவுக்கே உரியதாகுமாறு அடைவை அமைத்துவிட்டால் பெரும்பாலும் சிக்கல் தீரும்.

ஆனால் இந்த அனுமதிகள் பயனரைப் பயனரிடமிருந்துதான் காக்கும். நிர்வாகியின் அதிகாரத்தில் ஓடும் நிரலுக்கு அவை தடையல்ல. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக மீத்திறன் கணினியில் 2021 டிசம்பர் 14 முதல் 16 வரை சுமார் 77 டெராபைட் தரவு அழிந்தது. சுமார் 3 கோடியே 40 லட்சம் கோப்புகள். 14 ஆய்வுக் குழுக்களுக்கு உரியவை. பழைய பதிவுக் கோப்புகளை நீக்க வேண்டிய ஒரு காப்புப்பிரதி நிரல், ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய பதிப்பால் மாற்றப்பட்டது. பாஷ் ஒரு நிரலை முழுவதும் படித்துவிட்டு இயக்குவதில்லை, படித்துக்கொண்டே இயக்கும். எனவே நடுவிலிருந்து புதிய பதிப்பைப் படித்தபோது, எந்த அடைவில் நீக்க வேண்டும் என்று சொல்லும் மாறி வெறுமையாக இருந்தது. பதிவுக் கோப்புகளுக்குப் பதில் ஆய்வாளர்களின் சேமிப்பகமே நீக்கலுக்கு உள்ளானது. கணினியை வழங்கிய ஹியூலெட் பேக்கார்டு நிறுவனத்தின் ஜப்பான் பிரிவு முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டது. 14 குழுக்களில் 4 குழுக்களின் கோப்புகளைக் காப்புப்பிரதியிலிருந்து மீட்க இயலவில்லை.