பொட்டுல அடி: மூடிய பெட்டிக்குள் ஒரு வரலாறு

போன வருஷம் ஒரகடத்தில் என் அறைத்தோழர் நைட் ஷிஃப்ட் முடிஞ்சு பைக்கில் வரும்போது, சாலையோர மணலில் சறுக்கி விழுந்தார். ஹெல்மெட் தலையில் இல்லை, பெட்ரோல் டேங்க் மேல் இருந்தது. எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, டீ குடித்துவிட்டு, "ஒண்ணும் இல்லப்பா, பொட்டுல லேசா அடி"ன்னு சொல்லிப் படுத்துக்கொண்டார். அசதியா இருக்கு, தூங்கட்டும்னு நானும் விட்டுட்டேன். இரண்டு மணி நேரத்தில் வாந்தி, பேச்சில் குழறல். ஒரு கண்ணின் கருமணி மட்டும் பெரிசாகத் தெரிந்தது. 108-ஐக் கூப்பிட்டேன்.

"நல்லாத்தானே பேசிட்டு இருந்தார்?" என்ற கேள்வி என்னை விடவே இல்லை. அதற்காகத்தான் இதையெல்லாம் தேடிப் படித்தேன்.

முதல் பதில் ஸ்காட்லாந்திலிருந்து வருகிறது. 1783-இல் அலெக்சாண்டர் மன்றோ, 1824-இல் ஜார்ஜ் கெல்லி. மண்டையோடு விரியாத பெட்டி. உள்ளே மூளை, ரத்தம், நீர் என்று மூன்று பொருள். ஒன்று கூடினால் இன்னொன்று குறைந்தாக வேண்டும் என்பதே அவர்கள் கருத்திலிருந்து வளர்ந்த விதி. ரத்தம் கசிய ஆரம்பித்ததும் நீர் கொஞ்சம் வெளியேறி இடம் கொடுக்கும். அதுவரை ஆள் தெளிவாகவே பேசுவார். இடம் தீர்ந்தால் அழுத்தம் கிடுகிடுவென ஏறி, மூளை கீழ்ப்பக்கமாக நசுங்கும். கண்மணி விரிவது அதன் அடையாளம். நெற்றிப்பொட்டில் எலும்பு மெல்லியது. அதன் உட்புறத்தில் ஒரு தமனி ஓடுகிறது. "லேசா அடி" அங்கே லேசானது இல்லை.

நம்ம ஊர்க் கதை 1949-இல் தொடங்குகிறது. அந்த வருஷம் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். 1950-இல் சீர்காழியில் பிறந்த டாக்டர் பி. ராமமூர்த்தி, சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரே உள்ள சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் அதே பணியைத் தொடங்கினார். அவர் இங்கிலாந்தின் நியூகாசிலில் பயிற்சி பெற்றது ரோபாதம் என்பவரிடம். தலைக்காயத்தைப் பற்றி 1942-இலேயே தனி நூல் எழுதியவர் அவர். அன்றைக்கு சி.டி. ஸ்கேன் கிடையாது. கழுத்துத் தமனியில் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்து, ரத்தக்குழாய் எந்தப் பக்கம் தள்ளப்பட்டிருக்கிறது என்று பார்ப்பார்கள். அதற்கும் நேரமில்லையென்றால், சந்தேகப்பட்ட இடத்தில் மண்டையைத் துளைத்துப் பார்க்க வேண்டியதுதான்.

1971-இல் லண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். 1974-இல் கிளாஸ்கோ அளவுகோல் வந்தது: கண் திறத்தல், பேச்சு, அசைவு மூன்றுக்கும் மதிப்பெண், இன்று குறைந்தது 3, அதிகம் 15.

சிகிச்சையில் எல்லாம் நேர்கோடாகப் போகவில்லை. மூளை வீக்கத்துக்கு ஸ்டீராய்டு பல வருஷம் கொடுத்தார்கள். 2004-இல் பத்தாயிரத்துக்கும் அதிகமானவர்களிடம் செய்த 'கிராஷ்' ஆய்வு வெளிவந்தது. இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள், ஸ்டீராய்டு பெற்றோரில் 21.1 சதவீதம், பெறாதோரில் 17.9. நல்லதுன்னு நம்பிக் கொடுத்தது உயிரை எடுத்திருக்கிறது. இன்று தலையைச் சற்று உயர்த்திப் படுக்கவைத்து, மானிட்டால் போன்ற மருந்தால் மூளையிலிருந்து நீரை இழுக்கிறார்கள். அதற்கும் அடங்காவிட்டால் எலும்பின் ஒரு பகுதியையே எடுத்துவிடுவார்கள். அந்த எலும்பை வயிற்றுத் தோலுக்கடியில் வைத்திருந்து பிறகு பொருத்துவதும் உண்டு.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ், கன்டெய்னர் லாரி, பைக் எல்லாம் ஒரே சாலையில்தான். 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் தொடங்கப்பட்டது. விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலிலுள்ள தனியார் மருத்துவமனையிலும் இலவசம். வெளிமாநிலத் தொழிலாளருக்கும் உண்டு. காசுக்குப் பயந்து யாரும் ரூமுக்குத் திரும்ப வேண்டியதில்லை.

தலையில் அடிபட்டவருக்கு அதிகமாகும் தலைவலி, வாந்தி, குழறல், எழுப்பினாலும் விழிக்காத தூக்கம், வலிப்பு, மூக்கிலோ காதிலோ நீர் வடிதல் - இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீங்க. எதுவும் இல்லாவிட்டாலும் அன்றிரவு பக்கத்தில் ஒருத்தர் இருங்க.

அறைத்தோழர் பிழைத்துவிட்டார். ஷிஃப்டுக்கும் போகிறார். சில பெயர்கள் மட்டும் சட்டென்று அவருக்கு வருவதில்லை. என்னைக் கூப்பிடும்போது ஒரு நொடி யோசிக்கிறார். அந்த இரண்டு மணி நேரம் நான் பக்கத்துக் கட்டிலில்தான் படுத்திருந்தேன்.