வேலிக்கு உள்ளே, வேலிக்கு வெளியே

அடையாறில் காலை வாக்கிங் போகிற பெரியவர் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பத்தாவது நிமிஷம் பேச்சு அமெரிக்காவில் போய் நிற்கும்.

"பேரன் டெக்ஸாஸ்ல படிக்கப் போறான் சார். கவர்மென்ட் யுனிவர்சிட்டிதான். ஆனா, அந்த ஸ்டேட் பையனா இருந்தா ஃபீஸ் கம்மியாம். வெளி ஸ்டேட்டுன்னா மூணு மடங்கு கேக்கறான்! நம்ம ஊர்ல இந்த அநியாயம் உண்டா?"

உண்டு சார். எழுபது வருஷத்துக்கு முன்னாலேயே சுப்ரீம் கோர்ட் வரை போய்வந்த சமாச்சாரம் அது.

1952. டெல்லியைச் சேர்ந்த ஒரு மாணவருக்கு, இந்தூர் மகாத்மா காந்தி நினைவு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அப்போது இந்தூர், மத்திய பாரத் என்ற மாநிலத்தில் இருந்தது. அந்த மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு கேபிடேஷன் ஃபீஸ் கிடையாது. வெளியிலிருந்து வந்தால் உண்டு. வருஷத்துக்கு 1,500 ரூபாய். அந்தக் காலத்து 1,500!

மாணவர் வழக்குப் போட்டார். 'பிறந்த இடத்தை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று அரசியல் சட்டம் சொல்கிறதே!' என்பது அவர் கட்சி.

1955 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் அரசின் பக்கம். அவர்கள் சார்பில் தீர்ப்பை எழுதியவர் யார் தெரியுமோ? டி.எல்.வெங்கடராம அய்யர். முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளில் கரைகண்டவர், டி.கே.பட்டம்மாளுக்கு அவற்றைச் சொல்லித் தந்தவர், 1944-ல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி... சாட்சாத் அவரேதான்!

பிறந்த இடம் வேறு, வசிக்கும் இடம் வேறு என்று பிரித்தது தீர்ப்பு. கல்லூரிக்குப் பணம் போடுவது மாநிலம். உள்ளூரில் வசிப்பவர் டாக்டரானால் உள்ளூரிலேயே வைத்தியம் பார்க்க வாய்ப்பு அதிகம். ஆகவே, அவருக்குச் சலுகை காட்டலாம்.

மாநிலத்தைச் சுற்றி வேலி போடலாம், சரி. மாவட்டத்தைச் சுற்றிப் போட்டால்?

அதையும் செய்து பார்த்தார்கள், நம் மதராஸ் மாநிலத்தில். எந்த மாவட்டத்தில் எவ்வளவு ஜனத்தொகையோ, அதற்கேற்ப அந்த மாவட்டத்துக்கு மெடிக்கல் ஸீட். ஏன் இப்படி? அரசுத் தரப்பு கோர்ட்டில் சொன்ன காரணத்தைக் கேளுங்கள்: 'இல்லாவிட்டால் சென்னை நகரத்துப் பிள்ளைகள், ஜனத்தொகைக்கு மீறிய அளவில் ஸீட்டுகளைப் பிடித்துவிடுவார்கள்!'

1968-ல் ராஜேந்திரன் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இந்த வேலியைப் பிடுங்கிப் போட்டது. ஒரு மாவட்டத்தில் அதிக மார்க் வாங்கியவர் வெளியே நிற்க, இன்னொரு மாவட்டத்தில் குறைந்த மார்க்காரர் உள்ளே போவது சமத்துவம் ஆகாது என்றது.

நியாயம்தான். ஆனால், அரசின் பயம் பொய்யா? மயிலாப்பூர், தி.நகர் பிள்ளைக்கு நல்ல ஸ்கூல் நடந்து போகிற தூரத்தில். ட்யூஷன் வாத்தியார் அடுத்த தெருவில். வீட்டில் படித்த அப்பா, அம்மா. ரேங்க் லிஸ்ட்டில் இருப்பது மார்க் மட்டும்தானா? வீட்டு விலாசமும் அதில் ஒளிந்திருக்கிறது.

இந்தக் கவலைக்கு 2020-ல் தமிழக அரசு வேறு வழி கண்டுபிடித்தது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்து, நீட் பாஸ் செய்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு. எந்த மாவட்டம் என்று கேட்கவில்லை. எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டது. 2022-ல் சென்னை உயர் நீதிமன்றமும் இதை ஏற்றுக்கொண்டது.

மாநில வேலி மட்டும் இன்னமும் ஆட்டம் கண்டுகொண்டே இருக்கிறது. 1986-லிருந்து அரசுக் கல்லூரி எம்.பி.பி.எஸ். இடங்களில் 15 சதவிகிதம் அகில இந்தியாவுக்குப் போய்விட்டது. 2025 ஜனவரியில், மருத்துவ மேற்படிப்பில் வசிப்பிடத்தை வைத்து ஒதுக்கீடு செய்வதே செல்லாது என்று சொல்லிவிட்டது சுப்ரீம் கோர்ட்.

அடையாறு பெரியவரிடம் இவ்வளவையும் சொன்னேன். "அப்படியா!" என்று கேட்டுக்கொண்டார். பிறகு ஞாபகம் வந்தவராகச் சிரித்தார்.

"என் பொண்ணு இன்ஜினீயரிங் கவுன்சலிங் போனப்போ, நேட்டிவிட்டி சர்டிஃபிகேட்டுக்காகத் தாலுகா ஆபீஸ் வாசல்ல ரெண்டு நாள் நின்னேன் சார். அன்னிக்கு இது அநியாயம்னு எனக்குத் தோணவே இல்லை!"