தகர டப்பாவில் ஒரு முகமூடி, மலக்குழியில் ஒரு கைக்குட்டை

உலகப் போர்க் காலப் பொருள்களைச் சேகரிப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் விரும்பித் தேடும் பொருள்களில் ஒன்று, ஜெர்மன் ராணுவத்தின் நச்சுவாயு முகமூடியும் அதை வைத்துச் சுமக்கும் தகர டப்பாவும். இரண்டாம் உலகப்போர்ப் படங்களில் ஜெர்மன் சிப்பாயின் இடுப்புக்குப் பின்னால் வரிவரியாக நெளிந்த நீண்ட உருளை ஒன்று தொங்குமே, அதுதான் அந்த டப்பா. மூடியின் உட்புறத்தில் மாற்றுக் கண்வில்லைகள் வைக்க ஒரு சிறு அறை இருக்கும். டப்பாவில் சிப்பாயின் பெயர் எழுதப்பட்டிருந்தால் சேகரிப்பாளருக்கு இன்னும் மகிழ்ச்சி.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் தூய்மைப் பணியாளர் குடியிருப்புகளில் வேலை செய்யும் நாம் ஏன் இதைப் பேச வேண்டும்? அந்த முகமூடி எந்த வாயுக்களுக்கு அஞ்சி உருவானதோ, அவற்றைப் போன்ற ஒரு வாயு நம் தெருக்களுக்கு அடியிலேயே கிடக்கிறது. அதற்குள் இறக்கப்படுகிறவர்கள் நம் மக்கள். ஆகவே இந்த முகமூடியின் வரலாறு நம் வரலாறும்தான்.

1915 ஏப்ரல் 22. பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே ஜெர்மன் ராணுவம் ஆயிரக்கணக்கான உருளைகளைத் திறந்து குளோரின் வாயுவைக் காற்றில் விட்டது. இதை முன்னின்று நடத்தியவர் வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபர். முதலில் மூச்சுத் திணறி விழுந்தவர்களில் பிரெஞ்சுப் படையில் இருந்த வட ஆப்பிரிக்கக் காலனிச் சிப்பாய்களும் உண்டு. நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 26 அன்று, இந்தியச் சிப்பாய்கள் அடங்கிய லாகூர் டிவிஷனை அதே களத்தில் முன்னேறச் சொன்னார்கள். அவர்கள் மீதும் வாயு வந்தது. முகமூடி எதுவும் அவர்களிடம் இல்லை. ஈரக் கைக்குட்டையையும் தலைப்பாகை முனையையும் மூக்கில் அழுத்திக்கொண்டார்கள். அன்று வாயுவைச் சுவாசித்தும் காயம்பட்டும் தன் படையினரை மீட்ட மீர் தஸ்த்துக்கு விக்டோரியா கிராஸ் விருது கிடைத்தது. விருது பிறகு வந்தது. மூச்சு விடத் தேவையானது அப்போது வரவில்லை.

அந்த ஆண்டின் இறுதிக்குள் ஜெர்மனி தன் சிப்பாய்களுக்கு ரப்பர் பூசிய துணி முகமூடியைக் கொடுத்துவிட்டது. மூக்குக்கு நேராகத் திருகி மாட்டும் வடிகட்டி அதன் சிறப்பு. வாயுவை உறிஞ்சும் கரியும் ரசாயனங்களும் அடுக்கடுக்காக நிரப்பிய வடிகட்டியை 1916இல் உருவாக்கித் தந்தவர் ரிச்சர்ட் வில்ஸ்டேட்டர், 1915ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு பெற்றவர். அவர் யூதர். ஜெர்மன் சிப்பாய்களின் மூச்சைக் காத்த அந்த மனிதர், மூனிக் பல்கலைக்கழகத்தில் யூத வெறுப்பைக் கண்டித்து 1924இல் பதவி விலகினார். 1939இல் சுவிட்சர்லாந்துக்குத் தப்பியோடினார். உழைப்பும் அறிவும் வேண்டும், ஆனால் அதைத் தந்த மனிதன் வேண்டாம் என்கிற இந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல.

1917இல் ஜெர்மானிய முகமூடி தோலுக்கு மாறியது. காரணம், நேச நாடுகளின் கடல் முற்றுகையால் ரப்பர் வரத்து நின்றுபோனது. அந்த நாளில் உலகச் சந்தைக்கு ரப்பரை அள்ளிக் கொடுத்தது பிரிட்டனின் ஆட்சியில் இருந்த மலாயா. அங்கே தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் கங்காணிகள் அழைத்துப்போன தமிழர்கள். அவர்களில் கணிசமானோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஆள் பிடிக்கப்பட்ட மாவட்டங்களில் தென்னார்க்காடும் ஒன்று. விழுப்புரமும் திண்டிவனமும் அன்று அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. ஐரோப்பியப் போர்க்களத்தில் யாருக்கு முகமூடி கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்கிற கதையில் நம் பாட்டன்மாரின் பால்வெட்டுக் கத்தியும் இருக்கிறது.

சேகரிப்பாளர்கள் தேடும் நெளிவரி டப்பா 1930களின் முகமூடியோடு வந்தது. அந்தக் காலத்தில் ஜெர்மனிக்கு முகமூடி செய்து கொடுத்த பெரிய நிறுவனங்களில் ஒன்று அவுவர். பெர்லினுக்கு வடக்கே ஓரானியன்பர்க்கில் இருந்த அதன் ஆலையில், போரின் கடைசிக் கட்டத்தில், வதைமுகாம் கைதிகளான பெண்களை வைத்து வேலை வாங்கினார்கள். ஒருவரின் மூச்சைக் காக்கும் பொருளை, மூச்சுக்கு மதிப்பே இல்லாத இன்னொருவரைக் கொண்டு செய்யவைத்தார்கள். டப்பாவில் சிப்பாயின் பெயர் இருக்கலாம். அந்தப் பெண்களின் பெயர் எந்த டப்பாவிலும் இல்லை.

இனிச் சாக்கடைக்கு வருவோம். ஈப்ருக்கு 20 ஆண்டுகள் முன்பே, 1895 ஜூலை 1 அன்று, லண்டனின் கிழக்கே ஈஸ்ட் ஹாம் கழிவுநீர் நிலையத்தில் ஒரு தொழிலாளி குழிக்குள் மயங்கி விழுந்தார். அவரைக் காப்பாற்ற ஒருவர் பின் ஒருவராக இறங்கியவர்களில் நான்கு பேரும் அவரோடு சேர்ந்து இறந்தார்கள். நம் ஊர்ச் செய்திபோலவே இருக்கிறது அல்லவா? அந்தச் சாவுகளை ஆராய்ந்தவர் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற உடலியல் அறிஞர். கொன்றது ஹைட்ரஜன் சல்பைடு என்று கண்டார். 1915இல் ஈப்ர் வாயுத் தாக்குதல் நடந்ததும் பிரிட்டன் போர்முனைக்கு அனுப்பியது இதே ஹால்டேனைத்தான். சாக்கடைச் சாவிலும் போர்க்களச் சாவிலும் மூச்சைப் பற்றிய அறிவு ஒன்றுதான். 1916இல் பிரிட்டன் அதே ஹைட்ரஜன் சல்பைடைப் போர் ஆயுதமாகவே பயன்படுத்தியது. காப்பாற்ற இறங்கி இறந்த அந்த நான்கு பேரின் பெயர்களும் லண்டனில் போஸ்ட்மேன்ஸ் பார்க் என்ற பூங்காவில் ஓட்டுப் பலகையில் எழுதப்பட்டிருக்கின்றன.

காலனி ஆட்சி நம்மவர் உடலை எப்படிப் பார்த்தது என்பதற்கு இன்னொரு சாட்சி ராவல்பிண்டி. 1930களில் தொடங்கிப் பத்தாண்டுகளுக்கு மேல், பிரிட்டனின் போர்ட்டன் டவுன் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் நூற்றுக்கணக்கான இந்தியச் சிப்பாய்கள் மீது கடுகு வாயுவைச் சோதித்தார்கள். இந்தியத் தோல் ஆங்கிலேயத் தோலைவிட எவ்வளவு தாங்கும் என்று அளப்பது நோக்கங்களில் ஒன்று. அரைக்கால் சட்டையோடு வாயு அறைக்குள் நிறுத்தப்பட்டவர்களும் உண்டு. முகமூடி கொடுத்திருந்தார்கள். தோல் வெந்தது. பாதுகாப்புக் கவசம் கொடுப்பதும் ஒரு மனிதனை மனிதனாக மதிப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

இந்தப் பாடத்தோடு நம் சட்டத்தைப் படிக்க வேண்டும். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 1993இல் வந்தது, 2013இல் புதுச் சட்டம் வந்தது. 2013 சட்டத்தின் விதிகளில் பணியாளருக்குத் தர வேண்டிய கருவிகளின் நீண்ட பட்டியல் உண்டு. மூச்சுக் கருவி, காற்றுக் குழாய், வாயு அளவுமானி என 40க்கும் மேற்பட்டவை. ஆனால் அதே சட்டத்தின் விளக்கக் குறிப்பில் ஒரு ஓட்டையும் உண்டு. அரசு அறிவித்த கருவிகளோடும் கவசத்தோடும் மலம் அகற்றுகிறவர் ‘கையால் மலம் அள்ளுபவர்’ ஆகமாட்டார் என்கிறது அது. அதாவது, முகமூடியை மாட்டிவிட்டால் சாதித் தொழில் சட்டத்தின் கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

தொழில்நுட்பமாகப் பார்த்தாலும் இதில் ஒரு மோசடி இருக்கிறது. வடிகட்டி முகமூடி காற்றைச் சுத்தம் செய்யுமே தவிர, காற்றைத் தராது. மூடிய செப்டிக் டேங்கில் ஆக்சிஜனே குறைந்திருக்கும்போது உலகத்தின் சிறந்த வடிகட்டியும் உதவாது. வெளியிலிருந்து காற்று வர வேண்டும். அழுகிய முட்டை நாற்றத்தை வைத்து வாயுவைக் கண்டுபிடிக்கவும் முடியாது. ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் முதலில் மரத்துப்போவது மூக்குதான். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும்போது ஆபத்து உச்சத்தில் இருக்கும். நம் தொழிலாளிக்குக் கிடைப்பதோ 1915இல் லாகூர் டிவிஷனுக்குக் கிடைத்த அதே கைக்குட்டை. பல நேரம் அதுவும் இல்லை.

நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசு வைத்த கணக்குகளின்படி, 1993க்குப் பிறகு மலக்குழி மரணங்கள் அதிகம் பதிவான மாநிலம் தமிழ்நாடு. சமூகநீதி பேசும் மண்ணில் இது நம் எல்லோரின் முகத்திலும் அறைகிற செய்தி. நாளிதழ்கள் ‘விஷவாயு தாக்கிப் பலி’ என்று எழுதுகின்றன. வாயு யாரையும் தேடிப் போய்த் தாக்குவதில்லை. குழிக்குள் இறக்கியவர் ஒருவர் இருக்கிறார், ஒப்பந்தம் போட்டவர் ஒருவர் இருக்கிறார், இன்ன சாதிக்காரரைக் கூப்பிட்டால் இறங்குவார் என்று தெரிந்து கூப்பிட்டவர் ஒருவர் இருக்கிறார். அந்தத் தலைப்பு இவர்கள் மூவரையும் காப்பாற்றுகிறது.

எனவே மாணவத் தோழர்களே, நம் கோரிக்கையைத் தெளிவாக வைத்துக்கொள்வோம். நல்ல முகமூடி கொடு என்பதோடு நாம் நின்றுவிட முடியாது. போர்க்கால அரசுகள் முகமூடி கொடுத்தது, தொடர்ந்து வாயுவுக்குள் ஆளை அனுப்புவதற்காக. நமக்கு வேண்டியது யாரும் இறங்காத நிலை. உறிஞ்சு லாரிகள் இருக்கின்றன. கேரளத்தில் உருவான ‘பேண்டிகூட்’ போன்ற எந்திரங்கள் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொரு நகராட்சியும் பேரூராட்சியும் வாங்க வேண்டும், இன்று இறங்குகிறவர்களுக்கே அவற்றை இயக்கும் நிரந்தர வேலையைத் தர வேண்டும்.

உங்கள் ஊரில் ஒரு மரணம் நடந்தால், சந்தேக மரணம் என்று வழக்கை மூட விடாதீர்கள். 2013 சட்டத்தின் 7, 9 பிரிவுகளும், இறந்தவர் பட்டியல் சாதியினர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் முதல் தகவல் அறிக்கையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் ரூபாய் என்று சொன்ன இழப்பீட்டை 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. தனியார் வீட்டு டேங்க் என்று சொல்லித் தட்டிக் கழித்தால் தீர்ப்பை எடுத்துக் காட்டுங்கள். பிறகு, இறந்தவரின் பெயரை, ஊரை, தேதியை, இறக்கியவர் யார் என்பதை எழுதி வையுங்கள். நாம் சேகரிக்க வேண்டியது அந்தப் பெயர்களைத்தான்.