தில்லிக் குளிரில் மிளகாய் விதை

மிளகாய் நம் நாட்டுப் பயிரன்று என்றால் நம் பாட்டிமார் நம்பமாட்டார்கள். ஆயினும் சங்க நூல்கள் 'கறி' என்றது மிளகையே. அமெரிக்க மண்ணில் விளைந்த மிளகாயைக் கொலம்பஸ் 1493-இல் ஸ்பெயினுக்குக் கொணர்ந்தார். 1498-இல் கோழிக்கோட்டை அடைந்த போர்த்துகீசியர் வழியே அது பின்னர் நம் கரையேறியது. புதிய காய்க்குத் தமிழர் பழைய மிளகின் பெயரையே சூட்டினர். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் அக்பரின் அடுக்களையை விரித்துரைத்த 'அயினி அக்பரி'யிலோ மிளகு உண்டு, மிளகாய் இல்லை!

வெப்ப நாட்டுப் பயிராதலின், மண்ணில் 25 பாகை செல்சியஸ் அளவு வெப்பமிருந்தால்தான் அதன் விதை விரைந்து முளைக்கும். தில்லியில் தைமாத இரவுகள் 7, 8 பாகைக்கு இறங்குவன. பொங்கலுக்கு ஊர் சென்று, இராமநாதபுரத்துக் குண்டு மிளகாய் விதையை முடிந்துவந்து, அன்றே தொட்டியில் ஊன்றி, மாசி முழுதும் வெறும் மண்ணைப் பார்த்திருந்தோர் நம்மில் பலர், யானும் ஒருவன். பழுது விதையில் இல்லை. ஈரக் குளிரில் அது அழுகிவிடுகிறது. அடுப்பங்கரை வெதுவெதுப்பில் முளைக்கவைத்து, ஹோலி கழிந்தபின் வெயிலுக்குக் கொணர்ந்த நாற்றே பிழைத்தது.

இந்நகரின் வேளாண் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கியது 'பூசா ஜ்வாலா' மிளகாய். அக்கழகமும் குடிபெயர்ந்து வந்ததே. 1905-இல் பீகாரின் பூசாவில் தோன்றி, 1934 நிலநடுக்கத்தில் கட்டடம் சிதைந்தபின், 1936-இல் தில்லிக்கு வந்தது; பிறந்த ஊரின் பெயரை மட்டும் விட்டுவிடவில்லை. நீண்டு மெலிந்த அம்மிளகாயின் காரத்தில் குறையொன்றுமில்லை. எனினும் தாளிதத்துக்கு என் மனம் குண்டு மிளகாயையே நாடுகிறது.