கல்லறை சொல்லும் செய்தி

ஜி. யு. போப் தம் கல்லறையில் ‘தமிழ் மாணவன்’ எனப் பொறிக்கச் சொன்னார் என்று மேடைதோறும் கேட்டு வருகிறோம். 1908இல் மறைந்த அப்பெரியார் ஆக்ஸ்போர்டின் செயிண்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார். கல்லில் அத்தொடர் இல்லை. தென்னிந்தியர் என்றே அவரைச் சுட்டும் ஆங்கில வாசகம், பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் பயிற்றியதைக் கூறுகிறது. குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து நாட்டிய கல் இது என்று முடிகிறது.

புனைந்த தொடர் அவர் பணிவைப் புகழ்கிறது. பொறித்த தொடரோ நம் முன்னோரின் நன்றியையும் காட்டுகிறது. 1886இல் திருக்குறளையும் 1900இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்தவருக்குப் புனைந்துரை எதற்கு? கோட்டூர்புரத்தில் நாம் கூடும் அவையிலேனும் கல்லில் உள்ளதையே சொல்வோம். கடல்கடந்து நன்றி செலுத்திய அந்த நண்பர்களை மறத்தல் முறையன்று.